பாதுகாப்பு ஆணைக்கு ஏஐ துணையோடு எழுதும்போது

கோலாலம்பூரோ பினாங்கோ, குடும்ப வன்முறைக்கு எதிராக மாஜிஸ்திரேட் தரும் இடைக்காலப் பாதுகாப்பு ஆணைக்கு முதல் படி போலீஸ் ரிப்போர்ட். அதற்கான சம்பவ வரிசையை மட்டும் ஏஐயிடம் ஒழுங்குபடுத்தக் கேளுங்கள்: தேதி, நேரம், இடம், செய்தது, சொன்னது, காயம், பார்த்தவர். ‘மலேசியாவின் 1994 குடும்ப வன்முறைச் சட்டம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அமெரிக்கப் படிவ வாசகம் வந்து நிற்கும், இங்கே அது உதவாது. பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், முகவரி வேண்டாம். ‘நான்’, ‘கணவர்’ போதும்.

பெரிய ஆபத்து வேறு. ‘இடது கன்னத்தில் இரண்டு முறை அறைந்தார்’ என்று நீங்கள் எழுதியதை ஏஐ ‘கொடூரமாகத் தாக்கினார்’ என்று மெருகேற்றிவிடும். மருத்துவ அறிக்கையோடு அது பொருந்தாமல் போனால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். உங்கள் சொற்களையே திரும்ப வையுங்கள். அவர் மிரட்டியதைத் தமிழிலேயே விட்டு, பக்கத்தில் மலாய் மொழிபெயர்ப்பு கேளுங்கள். மலாய் நன்கு தெரிந்தவர் ஒருமுறை வாசிக்கட்டும்.

கணவர் கைக்கு எட்டாத கைப்பேசியில் செய்யுங்கள், முடிந்ததும் உரையாடலை அழித்துவிடுங்கள்.

இன்றிரவே ஆபத்தா? எழுத்து வேலையை விட்டுவிட்டு 999 அல்லது தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999 எண்ணை அழையுங்கள். சமூக நல அதிகாரி தரும் அவசரப் பாதுகாப்பு ஆணை 7 நாள் செல்லும். அதற்குப் போலீஸ் ரிப்போர்ட்கூடத் தேவையில்லை.