84 ஷீட்டுக்கும் ஹெடர் தானா விழணும்னா மேக்ரோ இப்படி போடுங்க

மும்பை செம்பூர்ல எங்க சொசைட்டி கணக்கை நான்தான் பாக்குறேன். ஃபிளாட்டுக்கு ஒரு ஷீட்டுன்னு எக்செல்ல 84 ஷீட்டு, செப்டம்பர் ஜெனரல் பாடி மீட்டிங்குக்கு முன்னாடி எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வீடு வீடா குடுக்கணும், ஒவ்வொண்ணுலயும் மேல சொசைட்டி பேரு, ஓனர் பேரு, பக்க நம்பர் இருக்கணும். எல்லா ஷீட்டுக்கும் ஒரே ஹெடர்தான்னா மேக்ரோவே (எக்செல் தானா செய்யுறதுக்கு எழுதி வைக்கிற கட்டளைத் தொகுப்பு) வேண்டாம், கீழ ஷீட் பேர் மேல ரைட் கிளிக் பண்ணி செலக்ட் ஆல் ஷீட்ஸ் குடுத்துட்டு பேஜ் செட்டப்ல ஒரு தடவை போட்டா முடிஞ்சது. ஆனா ஓனர் பேரு ஷீட்டுக்கு ஷீட்டு மாறுது, எக்செல் ஹெடர்ல ஃபார்முலா போட்டு செல்லை இழுக்க முடியாது, அதுக்குத்தான் மேக்ரோ.

கோடு எழுதி பழக்கம் இல்லாதவங்க ரெக்கார்ட் பண்ணியே ஆரம்பிக்கலாம். முதல்ல ஃபைலை காப்பி எடுத்து வச்சுக்குங்க, மேக்ரோ ஓட்டினதுக்கு அப்புறம் கன்ட்ரோல் இசட் வேலை செய்யாது. வியூ டேப், மேக்ரோஸ், ரெக்கார்ட் மேக்ரோ. அப்புறம் பேஜ் செட்டப்ல கஸ்டம் ஹெடர் போய் இடது, நடு, வலது மூணு கட்டத்துலயும் ஏதாவது போடுங்க, வலதுல பக்க நம்பர் பட்டனை அமுக்குங்க, ஓகே குடுத்துட்டு ரெக்கார்டிங்கை நிறுத்துங்க.

இப்போ ஆல்ட் எஃப்11 அமுக்குங்க, மேக்ரோ எடிட்டர் திறக்கும். அதுல மாட்யூல் (ரெக்கார்ட் ஆன கோடு இருக்கிற இடம்) உள்ள போனா நீளமா ஒரு பட்டியல் இருக்கும், மார்ஜின், பேப்பர் சைஸ், ஜூம்னு நீங்க தொடாததெல்லாம் சேர்ந்து பதிவாகியிருக்கும். லெஃப்ட்ஹெடர், சென்டர்ஹெடர், ரைட்ஹெடர் மூணு வரியும், அதைச் சுத்தி இருக்கிற வித், எண்ட் வித் வரியும், முதல்ல இருக்கிற சப், கடைசியில இருக்கிற எண்ட் சப் வரியும் மட்டும் இருக்கட்டும், மத்ததை அழிச்சிடுங்க. குறிப்பா பிரிண்ட்ஏரியா வரியை அழிக்காம விட்டீங்கன்னா நீங்க ஏற்கனவே செட் பண்ணி வச்ச பிரிண்ட் ஏரியா எல்லா ஷீட்டுலயும் போயிடும். வித்துக்கு மேல பிரிண்ட்கம்யூனிகேஷன் ஃபால்ஸ், எண்ட் வித்துக்குக் கீழ ட்ரூ, இந்த ரெண்டும் கண்டிப்பா இருக்கணும், இது இல்லன்னா ஒவ்வொரு வரிக்கும் எக்செல் பிரிண்டர்கிட்ட பேசிட்டு வரும், 84 ஷீட்டுக்கு ரொம்ப நேரம் இழுக்கும் (எக்செல் 2010லேருந்துதான் இந்த வசதி). இது மொத்தத்துக்கும் மேல ஃபார் ஈச், கீழ நெக்ஸ்ட் போட்டு வொர்க்‌ஷீட்ஸை ஒண்ணொண்ணா சுத்த விடுங்க, ஆக்டிவ்ஷீட்னு இருக்கிற இடத்துல நீங்க ஃபார் ஈச்ல வச்ச பேரைப் போடுங்க.

ஹெடர் வாசகத்தை மட்டும் மேக்ரோக்குள்ள டைப் பண்ணாதீங்க, இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். மேக்ரோ எடிட்டர்ல தமிழ் அடிச்சா வெறும் கேள்விக்குறியா நிக்கும். செட்டிங்னு தனி ஷீட்டு வச்சு அதுல ஏ1ல சொசைட்டி பேரு, ஒவ்வொரு ஃபிளாட் ஷீட்டுலயும் பி2ல ஓனர் பேருன்னு வச்சு மேக்ரோ அங்கேருந்து எடுத்தா தமிழும் அப்படியே வரும், அடுத்த வருஷம் யாராவது கணக்கு பாக்க வந்தா அவங்க கோடைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது & குறி. ஹெடர்ல அது கட்டளைக் குறி, அதோட ஆங்கில எழுத்து பி (B) சேர்ந்தா தடிச்ச எழுத்து, சின்ன பியா பெரிய பியான்னு பாக்காது. பக்க நம்பருக்கும் உச்சரிப்பு பிதான் ஆனா அது ஆங்கிலத்துல பேஜோட முதல் எழுத்து (P), என் (N) போட்டா மொத்தப் பக்கம், ஏ போட்டா ஷீட் பேரு, டி போட்டா தேதி. எங்க ஏ1ல ஆங்கிலத்துல ஏ&பி விங்னு இடைவெளி இல்லாம இருந்துச்சு, பிரிண்ட்ல பி காணாமப் போய் ஏ விங்னு வந்துச்சு, விங் மட்டும் தடிமனா. பி விங்ல ஒரு மாமி காகிதத்தை நீட்டி இது எங்க வீட்டுக் கணக்கே இல்லையேப்பான்னு கேட்டப்பதான் எனக்கு புரிஞ்சுது. மேக்ரோல செல் மதிப்பை ரிப்ளேஸ் ஃபங்ஷன்ல விட்டு ஒரு & இருந்தா ரெண்டு & ஆக்கிடுங்க, பிரிண்ட்ல ஒண்ணா வரும். அந்தக் குறிக்கு அப்புறம் எழுத்து சைஸ் நம்பர் போட்டு உடனே 2025னு வருஷம் வந்தா ரெண்டு நம்பரும் ஒட்டிக்கும், நடுவுல ஒரு ஸ்பேஸ் விடுங்க.

ஃபைலை மேக்ரோ எனேபிள்ட் வொர்க்புக்கா சேவ் பண்ணுங்க, சாதா ஃபைலா சேவ் பண்ணா மேக்ரோ போயிடும். மெயில்ல போன ஃபைல்ல மேக்ரோ ஓடலைன்னா அதோட ப்ராப்பர்ட்டீஸ்ல அன்பிளாக் டிக் பண்ணணும். ஓட்டுறதுக்கு ஆல்ட் எஃப்8. அதுவும் வேண்டாம், தானா நடக்கணும்னா எடிட்டர்ல திஸ்வொர்க்புக்கை டபுள் கிளிக் பண்ணி பிஃபோர்பிரிண்ட்ல (பிரிண்ட் ஆகுறதுக்கு முன்னாடி தானா ஓடுற பகுதி) உங்க மேக்ரோ பேரை ஒரு வரி எழுதிடுங்க, பிரிண்ட் குடுக்கிறப்பெல்லாம் புதுசா ஹெடர் விழும். பேரு நீளமா இருந்து ரெண்டு வரியா மடங்கினா கணக்கு வரி மேல ஏறி உக்காரும், டாப் மார்ஜினைக் கொஞ்சம் கூட்டுங்க, முதல்ல ரெண்டே ஷீட்டு பிரிண்ட் எடுத்துப் பாத்துட்டு மீதிய குடுங்க.