முதல் அசைன்மென்ட்டுக்கு லைப்ரரியில் தேடுவது எப்படி

காலேஜ் சேர்ந்த சில வாரங்களிலேயே முதல் அசைன்மென்ட் வந்துவிடும். "தமிழ்நாட்டில் ஏரிப் பாசனம்" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு லைப்ரரிக்குள் போகாதீர்கள். பல்லவர் காலத்திலிருந்து போன மாத ஆக்கிரமிப்பு அகற்றம் வரை எல்லாமே அதற்குள் வரும், பத்துப் பக்கத்தில் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. முதலில் தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள். செங்கல்பட்டுப் பக்கம் பம்புசெட் கிணறுகள் பெருகிய பிறகு ஏரியைப் பராமரிக்கும் வேலை யார் கைக்குப் போனது? இப்படிக் கேட்டால் இடம், காலம், விஷயம் மூன்றும் பிடிபடும். எந்தப் புத்தகத்தைத் தொடவே வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும், அதுதான் பெரிய லாபம்.

விக்கிப்பீடியா படிக்கலாமா? தாராளமாக. ஆனால் அதை ஆதாரமாகக் காட்டாமல், கட்டுரைக்கு அடியில் இருக்கும் நூல் பெயர்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது கேடலாக். பெரும்பாலான கல்லூரிகளில் ஓபாக் என்ற பெயரில் கம்ப்யூட்டரில் இருக்கும். கூகுளில் அடிப்பதுபோல் முழுக் கேள்வியை அடித்தால் ஒன்றும் வராது, ஒன்றிரண்டு சொல் போதும். ஏரி, கண்மாய், நீர்ப்பாசனம், குடிமராமத்து (ஊர்மக்களே சேர்ந்து ஏரியைப் பராமரிக்கும் முறை) என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'லேக்' என்று தேடினால் அதிகம் சிக்காது, பாசன ஏரியை ஆய்வாளர்கள் 'டேங்க்' என்றுதான் எழுதுவார்கள். தமிழ் நூல்களின் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஏற்றி வைத்திருக்கும் லைப்ரரி என்றால் ஆளாளுக்கு ஒரு ஸ்பெல்லிங் இருக்கும், நாலு விதமாக அடித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ஊர்ப் பெயரிலும் கவனம் தேவை. காஞ்சிபுரம் மாவட்டம் என்று தேடினால் பழைய ஆவணம் எதுவும் வராது, ஏனென்றால் 1997 வரை அது செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்தது, 2019-ல் மறுபடியும் பிரித்தார்கள். வெள்ளைக்காரர்கள் செங்கல்பட்டை 'சிங்கில்புட்' என்று எழுதினார்கள். 1879-ல் வெளிவந்த மாவட்டக் கையேடு அந்தப் பெயரில்தான் கிடைக்கும்.

கேடலாகில் புத்தகம் கிடைத்ததும் அதன் கால் நம்பரை, அதாவது எந்த ரேக்கில் இருக்கிறது என்று காட்டும் எண்ணை, குறித்துக்கொண்டு ரேக்குக்குப் போங்கள். பாடத்துக்கு ஒரு எண் கொடுத்து நூல்களை அடுக்கும் டூயி தசம முறையில் பாசன விவசாயம் 631.587, பாசனப் பொறியியல் 627.52, நீர்வளம் 333.91, தமிழ்நாட்டு வரலாறு 954.82. ஆக, உங்கள் ஏரி நாலு ரேக்கில் சிதறிக் கிடக்கிறது. நாலையும் பாருங்கள், தேடிப் போன புத்தகத்துக்கு இடமும் வலமும் என்ன இருக்கிறது என்று சேர்த்துப் பாருங்கள். எண்ணோடு எழுத்தும் முக்காற்புள்ளியும் கலந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது கோலன் பகுப்புமுறை என்ற இன்னொரு அடுக்கும் முறை. நம்ம சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1933-ல் வெளியிட்டது.

இனி முக்கியமான விஷயம். நல்ல புத்தகம் ஒன்று கையில் வந்ததும் கடைசிப் பக்கங்களைத் திருப்புங்கள். அங்கே இருக்கும் நூற்பட்டியல், அந்த ஆசிரியர் பல வருஷம் உழைத்துத் தேடியது, உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது. மூன்று நூல்களின் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஆனால் இந்த வழி பின்னோக்கி மட்டுமே போகும், 1990-ல் எழுதியவருக்கு 2010-ல் வந்தது தெரியாது. அதற்கு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் அந்த நூலின் பெயரைப் போட்டு, அதை மேற்கோள் காட்டிய புதிய கட்டுரைகள் எவை என்று பாருங்கள்.

பிஎச்.டி. ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் இலவசமாக இருக்கின்றன. முழுவதும் படிக்க வேண்டாம், முந்தைய ஆய்வுகளைப் பேசும் அத்தியாயத்தை மட்டும் பிரித்தால் போதும். தரம் ஒரே மாதிரி இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வேடு என்பதாலேயே அதில் உள்ள புள்ளிவிவரத்தை நம்பி எழுதாதீர்கள், எங்கிருந்து எடுத்தார்கள் என்று பார்த்து மூலத்துக்கே போங்கள். ஏரி, கிணறு, கால்வாய் ஒவ்வொன்றாலும் எவ்வளவு நிலம் பாசனம் பெற்றது என்பதற்கு, மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் பருவ, பயிர் அறிக்கைதான் மூலம்.

லைப்ரேரியனிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆனால் "சார், ஏரி பத்தி புக் இருக்கா?" என்று கேட்டால் "அந்த ரேக்கைப் பாருப்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "இந்த ரெண்டு புக் பார்த்துட்டேன் சார், 1960-க்கு அப்புறம் நடந்தது இதுல இல்ல, வேற எங்க பாக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், எழுந்து வந்தே எடுத்துக் கொடுப்பார். அப்படியே, கல்லூரிகளுக்கு ஜர்னல்களையும் மின்னூல்களையும் இணையத்தில் தரும் என்-லிஸ்ட் வசதி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் இருக்க வாய்ப்பு அதிகம். ஐடி வாங்கிவிட்டால் காசு கொடுத்துப் படிக்க வேண்டிய பல ஜர்னல்களை வீட்டிலிருந்தே படிக்கலாம்.

காலேஜில் இல்லாத பழைய தமிழ் நூல்களுக்கு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைப் பாருங்கள். சென்னைக்காரர்கள் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கே போகலாம். 1896-ல் திறந்தது, இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று.

ரெஃபரன்ஸ் புத்தகங்களை வெளியே தர மாட்டார்கள். போனில் போட்டோ எடுக்க அனுமதி கிடைத்தால் முதலில் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் எடுங்கள், அப்புறம் வேண்டிய பக்கத்தைப் பக்க எண் தெரிகிற மாதிரி எடுங்கள். நோட்டில் எழுதும்போது வரிக்கு வரி நகலெடுத்ததை மேற்கோள் குறிக்குள் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அசைன்மென்ட் எழுத உட்காரும்போது எது உங்கள் வாக்கியம், எது ஆசிரியருடையது என்று பிரிக்க முடியாமல் போகும்.