மாரி காலத்தில் பச்சைப் பிள்ளையின் உடற்சூட்டைக் காப்பது எப்படி?

மட்டக்களப்பில் மாரி மழை பிடித்துவிட்டால் பெரியவர்களாகிய நாங்கள் குளிரில் நடுங்கியாவது சூட்டைத் தேடிக்கொள்கிறோம். பிறந்த பிள்ளைக்கோ அப்படி நடுங்க வராது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகங்களை ஒட்டியும் உள்ள பழுப்புக் கொழுப்புத்தான் அதற்கு அடுப்பு.

அந்த அடுப்பை மூட்டுவது மூளை. தோல் குளிர்ந்த செய்தி நரம்பு வழியே மூளையின் ஹைப்போதலமஸ் என்ற பகுதியை அடைந்ததும், அங்கிருந்து, நாம் நினையாமல் தாமே இயங்கும் பரிவு நரம்புகள் தூண்டப்பட்டு, அவற்றின் முனைகளில் சுரக்கும் நோரட்ரினலின் என்ற இரசாயனம் பழுப்புக் கொழுப்புக் கலங்களை எழுப்புகிறது. கலங்களில் உள்ள இழைமணிகள் வழக்கமாக எரிபொருளை உடலுக்கு வேண்டிய சக்தியாக மாற்றுபவை. இங்கே யூசிபி1 என்ற புரதம் அந்தச் சக்தியை வெப்பமாகவே வெளியேற்றிவிடுகிறது. இதற்கு ஒட்சிசனும் கொழுப்பும் குளுக்கோசும் செலவாவதால், குளிரில் கிடக்கும் பிள்ளை அழாமலே சோர்ந்து, இரத்தத்தில் சீனியும் இறங்கிவிடலாம். குறைமாதப் பிள்ளையிடம் இக்கொழுப்பு மிகக் குறைவு.

ஆகவே அடிக்கடி தொட்டுப் பாருங்கள். உங்கள் கையைச் சூடாக்கிக்கொண்டு, புறங்கையைப் பிள்ளையின் வயிற்றிலும் பிறகு உள்ளங்காலிலும் வையுங்கள். வயிறு சூடாக இருந்து கால் மட்டும் குளிர்ந்திருந்தால், பிள்ளைக்குக் குளிர்கிறது, அடுப்பு எரியத் தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். பிள்ளைக்குத் தொப்பியும் அணையாடையும் மட்டும் அணிவித்து, தாயின் வெறும் நெஞ்சோடு நிமிர்த்தி அணைத்து, இருவரையும் ஒரே துணியால் போர்த்திப் பால் கொடுங்கள். சுடுநீர்ப் போத்தலை அருகில் வைக்க வேண்டாம், தோல் வெந்துவிடும். அக்குளில் வைத்த வெப்பமானி 36.5 முதல் 37.5 பாகை செல்சியசுக்குள் காட்டினால் போதும்.

பிறந்து 24 மணித்தியாலம் கழியும்வரை குளிப்பாட்ட வேண்டாம். அன்றே குளிப்பாட்ட வேண்டும் என்று அம்மம்மா பிடிவாதம் பிடித்தால், அவருடன் வாதாடுவதைவிட மருத்துவ மாதுவைக் கொண்டு சொல்விப்பது இலகு. மாரியில் விறாந்தைக் கொடியில் கிடக்கும் துணி காய்ந்ததுபோலத் தெரிந்தாலும், தையல் ஓரத்தைக் கன்னத்தில் வைத்தால் ஈரம் குளிரும். அந்தத் துணியைப் பிள்ளைக்குச் சுற்றவே கூடாது.

வயிறும் காலும் சேர்ந்து குளிர்ந்திருந்தாலோ, பிள்ளை பால் உறிஞ்ச மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஓட்டோவிலும் பிள்ளை தாயின் நெஞ்சிலேயே இருக்கட்டும். பக்கத்துத் திரையை இறக்கிவிடச் சொல்லுங்கள்.