ஹார்வர்டில் ஐரோப்பியக் கூட்டங்களுக்குப் போவது எப்படி

பாஸ்டன் பக்கம் இருக்கிற தமிழர்களுக்கு ஹார்வர்ட் என்றால் தமிழ் இருக்கை நினைவுக்கு வரும். இல்லையென்றால், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கூட்டிக்கொண்டு போய் ஜான் ஹார்வர்ட் சிலைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்கிற இடம். அந்தச் சிலையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கிர்க்லாண்ட் தெரு 27-ஆம் எண்ணில் மிண்டா டி குன்ஸ்பர்க் ஐரோப்பிய ஆய்வு மையம் இருக்கிறது. 1969-இல் தொடங்கியது. ஜெர்மனியும் ஐரோப்பிய ஒன்றியமும்தான் அங்கே அன்றாடப் பேச்சு. படிப்புக் காலத்தில் வாராவாரம் ஏதாவது கூட்டம் நடக்கும், பெரும்பாலானவற்றுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், காசு கிடையாது. நாம் அங்கே படிக்கவில்லையே, உள்ளே விடுவார்களா என்று தயங்காதீர்கள், தாராளமாக விடுவார்கள்.

முதலில் மையத்தின் நிகழ்ச்சி அட்டவணையைப் பாருங்கள். அறிவிப்பை முழுக்கப் படியுங்கள், ஏனென்றால் சில கூட்டங்கள் பல்கலைக்கழக அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டும், சிலவற்றுக்கு முன்பதிவு வேண்டும், சில இணையத்திலும் போகும். செப்டம்பரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை, அப்புறம் ஜனவரி கடைசியிலிருந்து மே தொடக்கம் வரைதான் நடமாட்டம். கோடையில் அநேகமாக ஒன்றும் இருக்காது. நவம்பர் 9-ஐ ஒட்டிய வாரங்களை நான் தவறாமல் பார்ப்பேன். ஜெர்மனியில் அந்த ஒரே தேதியில்தான் 1918-இல் குடியரசு அறிவிக்கப்பட்டது, 1938-இல் யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் அடித்து நொறுக்கப்பட்டன, 1989-இல் பெர்லின் சுவர் திறந்தது.

காரில் போகாதீர்கள். ஹார்வர்ட் இருக்கிற கேம்பிரிட்ஜ் நகரில் தெருவோர நிறுத்தம் பெரும்பாலும் அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான். ரெட் லைன் மெட்ரோவில் ஹார்வர்ட் நிலையத்தில் இறங்கி, யார்டு என்கிற பழைய வளாகத்துக்குள் புகுந்து வடக்கே வெளியேறினால் கோபுரம் வைத்த மெமோரியல் ஹால் தெரியும், அதைத் தாண்டினால் கிர்க்லாண்ட் தெரு. யார்டு வாசல் அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டால் வெளியே சுற்றிப் போக வேண்டும், அதற்கும் சேர்த்து நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள், மையம் இருக்கிற கட்டடமே அதற்குக் காரணம். அடோல்பஸ் புஷ் ஹால் என்று பெயர். செயின்ட் லூயிஸில் பீர் காய்ச்சிப் பணக்காரரான ஜெர்மன் குடியேறி ஒருவர், தன் நாட்டுக் கலைக்கு இங்கே ஓர் இடம் வேண்டும் என்று கொடுத்த பணத்தில் எழுந்தது. முதல் உலகப் போரின்போதே கட்டி முடித்துவிட்டார்கள், ஆனால் ஜெர்மன் என்றாலே வெறுப்பு கொதித்த காலம் என்பதால் 1921-இல்தான் திறக்க முடிந்தது. தமிழ் இருக்கைக்கு ஊர் கூடிப் பணம் சேர்த்த நமக்கு அந்தப் புலம்பெயர்ந்தவரின் மனசு புரியும். முற்றத்தில் ஜெர்மனியின் பழைய வெண்கலச் சிலையான பிரவுன்ஷ்வைக் சிங்கத்தின் நகல் நிற்கும், அதைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

பேச வருகிறவர் எழுதிய ஒரு கட்டுரையையாவது முந்தின நாள் படித்துவிடுங்கள். சில பெயர்களையும் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது, முக்கியமாக மூன்று கவுன்சில்கள். ஐரோப்பியக் கவுன்சில் என்பது ஒன்றியத்தின் 27 நாடுகளின் தலைவர்கள் கூடுவது. ஐரோப்பிய ஒன்றியக் கவுன்சில் என்பது அமைச்சர்கள் கூடுவது. ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கிற கவுன்சில் ஆஃப் யூரோப் ஒன்றியத்தைச் சேர்ந்ததே இல்லை, அதில் 46 நாடுகள். இது குழம்பினால் பாதிப் பேச்சு கைநழுவிப் போகும். 'சைட்டன்வெண்டெ' (காலத் திருப்பம்) என்ற சொல் காதில் விழுந்தால், உக்ரைன் போர் தொடங்கி மூன்று நாள் கழித்து, 2022 பிப்ரவரி 27 அன்று, அப்போதைய ஜெர்மன் சான்சலர் ஷோல்ஸ் ராணுவச் செலவைக் கூட்டப்போவதாக அறிவித்த பேச்சைச் சொல்கிறார்கள்.

இனி கேள்வி நேரம். கூட்டத்தின் உயிரே அதுதான். நான் முதல் சில கூட்டங்களில் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வந்தேன், எல்லாரும் பேராசிரியர்கள், நான் என்ன கேட்டுவிடப் போகிறேன் என்று. அந்த எண்ணம் தப்பு. மாநில உரிமை, மொழி, நிதிப் பங்கு என்று பேசியே வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம், ஐரோப்பாவும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறது. ஒன்றியத்துக்கு 24 அலுவல் மொழிகள், அவற்றில் கட்டலான் கிடையாது, ஏன்? ஜெர்மனியின் மேலவையான புண்டஸ்ராட்டில் 16 மாநில அரசுகளே நேரடியாக உட்கார்ந்திருக்கின்றன, மொத்தம் 69 வாக்குகள், ஒரு மாநிலத்தின் வாக்குகள் எல்லாம் ஒரே பக்கம்தான் விழ வேண்டும். நம் மாநிலங்களவையோடு இதை ஒப்பிட்டு யோசித்தாலே நல்ல கேள்வி ஒன்று கிடைக்கும், அந்த அறையில் வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது.

கேள்வியைத் தாளில் எழுதி இரண்டு வரிக்குள் சுருக்குங்கள். பெயரைச் சொல்லுங்கள், கேளுங்கள், உட்காருங்கள். முன்னுரையாகச் சொந்தக் கருத்தை மூன்று நிமிடம் பேசினால் அடுத்தவர் வாய்ப்பு போய்விடும். 'சாத்தம் ஹவுஸ் விதி' என்று நடுவர் அறிவித்தால், கேட்டதை வெளியே சொல்லலாம், யார் சொன்னார், அவர் எந்த அமைப்பு, வேறு யார் வந்திருந்தார் என்பதைச் சொல்லக் கூடாது.

ஊரிலிருந்து இணையத்தில் பார்க்கிறவர்கள் நேரத்தைக் கவனியுங்கள். பாஸ்டன் மதியம் 12.30 என்றால் மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை நமக்கு இரவு 10 மணி, மற்ற மாதங்களில் 11. மாலை 4.30 கூட்டம் என்றால் விடியற்காலை 2 அல்லது 3 மணி, அதற்குக் கண்விழிக்க வேண்டாம், பதிவு வந்தால் அப்புறம் பார்க்கலாம்.

வால்தமில் இருப்பவர்களுக்குப் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஜெர்மன், ஐரோப்பிய ஆய்வு மையம் இன்னும் பக்கம், ஃபிட்ச்பர்க் ரயிலில் பிராண்டைஸ்/ராபர்ட்ஸ் நிலையம். நேரில் போனவர்கள் கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். பேச்சாளர் பத்து நிமிடமாவது நின்று பேசுவார், மேடையில் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வியை அங்கே கேளுங்கள்.