நீள ஃபைபர்கிளாஸ் ஃப்ளை கம்பு: கட்டும்போதும் லைன் பூட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ட்ரவுட் மீனுக்காகக் கட்டும் எட்டரை அடி ஃபைபர்கிளாஸ் ஃப்ளை கம்பு (பூச்சிபோல் செய்த இலேசான தூண்டிலை லைனின் கனத்தால் வீசும் கம்பு) சோம்பலாக, தலைகனத்து, வீசவே அலுப்பூட்டுவதாக அமைந்துவிட்டால் பழி பெரும்பாலும் பிளாங்க் (வளையமும் கைப்பிடியும் பூட்டாத வெறுங்கம்பு) மீது விழுகிறது. உண்மையில் கெடுதல் கட்டும் மேசையில்தான் நடந்திருக்கும். மேல் பாதியில் தேவைக்கு மேல் எடை ஏறியிருக்கும். அதன் மேல் கனமான லைனும் (வீச்சு நூல்) சேர்ந்திருக்கும். ஏழடிக் கம்பில் இதே தவறுகள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். எட்டரை அடியில் ஒவ்வொன்றும் மணிக்கட்டுக்குத் தெரியும்.

காரணம் பொருளிலேயே இருக்கிறது. ஃபைபர்கிளாஸ் எனும் கண்ணாடி இழையின் விறைப்பு, சாதாரணக் கார்பன் இழையின் விறைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அடர்த்தியோ கார்பனைவிட அதிகம். அதே பலம் வேண்டுமென்றால் குழாய் பருக்க வேண்டும், சுவர் தடிக்க வேண்டும். 1973-இல் ஃபென்விக் நிறுவனம் கார்பன் ஃப்ளை கம்பை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு நீளக் கம்புகள் பெரும்பாலும் கார்பனுக்கு மாறியதும், கண்ணாடி இழை சிற்றோடைக்கான குட்டைக் கம்புகளில் தங்கியதும் இதனால்தான். அப்படியிருந்தும் நீளக் கண்ணாடிக் கம்பை விரும்பிக் கட்டுவதற்குக் காரணம் உண்டு. நடுவில் ஓடும் வேகமான நீரோட்டத்துக்கு மேலே லைனைத் தூக்கிப் பிடிக்கும் நீளமும், 0.127 மி.மீ. தடிமனுள்ள 6எக்ஸ் என்ற மெல்லிய தூண்டில் நரம்பை அறுக்காமல் பெரிய மீனைத் தாங்கும் மென்மையும் ஒரே கம்பில் கிடைக்கின்றன.

வேலை தொடங்கும் முன் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பு கையைச் சுற்றிச் சுழல்கிறது. எடையின் பாதிப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. நுனியில் ஏறும் 1 கிராம், கம்பின் நடுவில் ஏறும் 4 கிராமுக்குச் சமம். 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்று மேசையில் இருக்கட்டும். வெறும் பிளாங்கின் மேல் துண்டை எடைபோட்டு எழுதிவையுங்கள். வளையங்கள் கட்டி எபாக்ஸி (இறுகும் பிசின்) பூசிய பின் மறுபடியும் போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கைவேலையின் மதிப்பெண்.

பிளாங்க் வந்த கையோடு

பெட்டியைப் பிரித்ததும் துண்டுகளைச் சேர்த்து ஆட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் வரும் ஆசை. பிளாங்க் உடைவதற்கும் அதுவே குறுக்குவழி. இழைகளில் பெரும்பகுதி நீளவாக்கில் ஓடுகிறது. குறுக்காகச் சுற்றிப் பிடிக்கும் இழை குறைவு. வளைக்கும்போது இணைப்பின் பெண் முனை விரிந்து, மூங்கில் பிளப்பதுபோல் நெடுக விரிசல் விடும். சோதித்துப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் முதலில் அந்த விளிம்பில் 12 முதல் 15 மி.மீ. அகலத்துக்கு நூலை நெருக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். மாஸ்கிங் டேப் இதற்குப் போதாது. முடித்த கம்பிலும் இந்தச் சுற்று கட்டாயம்.

உள்முளை இணைப்பு (ஒரு துண்டின் முளை மற்றதன் குழலுக்குள் நுழைவது) கொண்ட பிளாங்கில் இன்னொரு தவறு நடக்கிறது. இரண்டு துண்டுகளையும் சேர்த்தபின் நடுவே 6 முதல் 12 மி.மீ. இடைவெளி தெரியும். அது குறைபாடு என்று நினைத்து முளையை மணல்தாளால் தேய்த்து இடைவெளியை மூடிவிடுகிறார்கள். அந்த இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டது. ஆண்டுக்கணக்கில் முளை தேயத் தேயத் துண்டுகள் நெருங்கி வந்து இறுகுவதற்கான இடம் அது. மூடிவிட்டால் கொஞ்சம் தேய்ந்ததுமே இணைப்பு ஆடத் தொடங்கும், நாலு வீச்சில் மேல் துண்டு கழன்று பறக்கும். தேய்க்காதீர்கள்; பாரஃபின் மெழுகை இலேசாகத் தடவுங்கள், போதும்.

பிளாங்கின் முதுகெலும்பு பற்றி நடக்கும் விவாதம் அளவுக்கு மீறியது. இழைத்துணியைச் சுருட்டிச் செய்வதால் பிளாங்கின் ஒரு பக்கம் சற்று விறைப்பாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஃப்ளை கம்பில் வளையங்கள் கீழே தொங்குகின்றன, ஆகவே மீன் இழுக்கும்போது கம்பு முறுக்கிக்கொள்ளாது. முதுகெலும்பைத் தேடி நேரம் போக்குவதைவிட, துண்டைக் கண்ணருகே பிடித்து நெடுகப் பார்த்து, அதன் இயல்பான வளைவு எந்தப் பக்கம் என்று கண்டுபிடியுங்கள். அந்த வளைவு மேல்நோக்கி இருக்கும்படி வைத்து வளையங்களைக் கீழே கட்டினால், வளையங்களின் எடையே கம்பை நேராக்கிவிடும்.

கைப்பிடியும் ரீல் இருக்கையும்

கண்ணாடிப் பிளாங்கின் அடிப்பகுதி கார்பனைவிடப் பருமன். கடையில் கிடைக்கும் கார்க் கைப்பிடியின் துளை பெரும்பாலும் சிறியதாக இருக்கும். அவசரத்தில் நேரான அரத்தால் ஒரே அளவுக்குக் குடைந்துவிட்டால், பிளாங்க் மேலே ஒல்லியாகப் போவதால் முன்பக்கம் தளர்ந்து இடைவெளி விழும். அந்த இடைவெளியைப் பசையால் நிரப்பினாலும் ஒரு பருவத்தில் கட்டெறும்பு கடித்தாற்போல் 'டிக் டிக்' சத்தம் வரும். கூம்பு வடிவ அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, அடிக்கடி போட்டுப் பார்த்து, கடைசி 2 செ.மீ. இறுக்கமாக இறங்கும் நிலையில் நிறுத்துங்கள். கைப்பிடி மேலிருந்து கீழாக இறங்க வேண்டும். ஆகவே வளையங்களுக்கு முன்பே இதை ஒட்டிவிட வேண்டும்.

ரீல் இருக்கைக்குள் மாஸ்கிங் டேப்பை முழு நீளத்துக்கும் சுற்றி அடைக்கக் கூடாது. டேப் ஈரம் குடித்து நாளடைவில் நைந்துவிடும். இரண்டு மூன்று பட்டைகளாகச் சுற்றி, இடையிடையே 5 மி.மீ. வெளி விட்டு, எபாக்ஸி பிளாங்கையும் இருக்கையையும் நேரடியாகப் பிடிக்கும்படி செய்யுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசை இங்கே வேண்டாம், 24 மணி நேரம் எடுக்கும் வகையே நிலைக்கும். பிளாங்கின் பளபளப்பை 220 எண் மணல்தாளால் மங்கச் செய்வது பசை படும் இடத்தில் மட்டும். வளையம் கட்டும் இடத்தில் கூடாது.

வளையங்கள்

நீளக் கம்பின் தலைவிதி இங்கேதான் தீர்மானமாகிறது. அடிக்கு ஒன்று, மேலே இன்னொன்று என்பது பழைய கணக்கு. எட்டரை அடிக்கு 9 வளையமும் நுனி வளையமும் போதும். கண்ணாடிக் கம்பு ஆழமாக வளைகிறதே என்று 11, 12 வரை கட்டுபவர்கள் எடையை ஏற்றுகிறார்கள். எடைக்குப் பயந்து 7-இல் நிறுத்தினால் லைன் தொய்ந்து பிளாங்கில் உரசும், வீச்சு தூரம் குறையும்.

இரண்டு துண்டாக வரும் எட்டரை அடிக் கம்புக்கு நுனியிலிருந்து அங்குலத்தில் இப்படித் தொடங்கலாம்: 5, 10½, 16½, 23, 30¼, 38¼, 47¼, 57½, 70. இணைப்பு 51-ஆவது அங்குலத்தை ஒட்டி வருவதால் எந்த வளையமும் அதன் மேல் விழாது. மூன்று, நான்கு துண்டுக் கம்பு என்றால் இணைப்பைத் தவிர்க்க ஓரிரு அங்குலம் நகர்த்த வேண்டியிருக்கும். இந்த எண்களை அப்படியே நம்பிக் கட்டிவிடுவதும் தவறுதான். வளையங்களை மெல்லிய ரப்பர் துண்டுகளால் தற்காலிகமாகப் பிடிக்கவைத்து, கைப்பிடியை 45 டிகிரி சாய்வில் நிலைநிறுத்தி, லைனைக் கோத்து, முனையில் எடை தொங்கவிட்டுக் கம்பை நன்றாக வளையுங்கள். எந்த வளையத்தில் லைன் மற்றவற்றைவிடக் கூர்மையாக முறிந்து திரும்புகிறதோ அங்கே அடுத்த வளையம் நெருங்கி வர வேண்டும். கண்ணாடிக் கம்பில் இந்த முறிவு பெரும்பாலும் நடுப்பகுதியில் தெரியும். கார்பனுக்கு எழுதிய அட்டவணை பொருந்தாமல் போவதும் அங்கேதான்.

கைப்பிடிக்கு அருகிலுள்ள முதல் வளையம் 10 மி.மீ. போதும். சுழல் ரீல் கம்புக்கான தடித்த பீங்கான் வளையங்களை எடுத்துப் பூட்டாதீர்கள். பாம்பு வளையத்தில் (நெளிந்த கம்பியால் ஆன இருகால் வளையம்) கீழே 3, 2 எண்களும் மேலே எல்லாம் 1-உம் 5-ஆம் எண் லைனுக்குச் (லைன் எண் அதன் எடையைக் குறிக்கும்) சரியாக வரும். மேல் பாதிக்கு ஒற்றைக்கால் வளையமே எங்கள் பரிந்துரை: ஒரே ஒரு நூல் சுற்று, பாதி எபாக்ஸி, பிளாங்கும் தடையின்றி வளையும். பாம்பு வளையத்தின் அழகு பிடித்திருந்தால் தாராளமாகக் கட்டுங்கள். சுற்று மட்டும் குட்டையாக இருக்கட்டும்.

வளையத்தின் கால்களை அரம் போடாமல் கட்டுவதுதான் இந்த வேலையிலேயே மோசமான அலட்சியம். தொழிற்சாலையிலிருந்து வரும் கால் முனையில் பெரும்பாலும் பிசிறு இருக்கும். அதன் மேல் நூலை இறுக்கினால் பிசிறு பிளாங்கைக் கீறும். ஆழமாக வளையும் கம்பில் அந்தக் கீறலே முறியும் இடமாகிறது. முனையைக் கத்தி விளிம்புபோல் சரித்து, அடிப்பக்கத்தை வழவழப்பாக்குங்கள். விரலில் தேய்த்தால் உறுத்தக் கூடாது.

நுனி வளையம் அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கு கணக்கில் விற்கப்படுகிறது; 5½ என்றால் 2.18 மி.மீ. கண்ணாடி நுனி பருமனாக இருக்கும் என்பதால் அளந்து வாங்குங்கள், பிளாங்கைத் தேய்த்துப் பொருத்தாதீர்கள். ஒட்டுவதற்குச் சூட்டில் உருகும் பசைதான் வேண்டும். எபாக்ஸி போட்டால் பின்னாளில் மாற்ற முடியாது.

நூலும் எபாக்ஸியும்

மெல்லிய 'ஏ' அளவு நூல் போதும், தடித்த 'டி' வேண்டாம். கட்டியபின் கட்டைவிரலால் அழுத்தினால் வளையம் ஒரு மயிரிழை நகர வேண்டும். அசையவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம். சாதாரண நைலான் நூல் எபாக்ஸி பட்டதும் கண்ணாடிபோல் தெளிந்து, வெளிர்நிறப் பிளாங்கில் வளையத்தின் கால்கள் உள்ளே கறுப்பாகத் தெரியும். அது பிடிக்காதென்றால் நிறம் மாறாத வகை நூலை வாங்குங்கள்.

எபாக்ஸியை ஊசிக் குழலால் சம அளவு, 3 மி.லி.க்கு 3 மி.லி., எடுங்கள். ஒரே குழலை இரண்டுக்கும் பயன்படுத்தினால், அல்லது கண்ணளவில் ஊற்றினால், வாரக்கணக்கில் பிசுபிசுப்பு போகாது. இரண்டு மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்கி, உடனே அலுமினியத் தாளில் பரப்பிவிட்டால் குமிழ்கள் வெளியேறும். அறை வெப்பம் 21 முதல் 27 டிகிரி இருக்கட்டும். 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து ட்ரவுட் வளர்த்த நீலகிரியில், டிசம்பர் மாலையில் இந்த வேலையைத் தொடங்கினால் எபாக்ஸி தேன்போல் கெட்டியாகிக் குமிழைப் பிடித்துக்கொள்ளும். கலக்கும் முன் புட்டிகளை வெதுவெதுப்பான நீரில் வைத்தெடுங்கள். மழை நாளில், ஈரக் காற்றில் பூசினால் மேலே பால்போல் மங்கல் படியும்.

தடித்த ஒரு பூச்சு வேண்டாம். மெல்லியதாக இரண்டு பூச்சு. நூல் வரிகள் இலேசாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. தடித்த எபாக்ஸி நுனியில் எடை ஏற்றுவதோடு, ஆழமாக வளையும் கம்பில் வளையக் கால் முடியும் இடத்தில் வெடித்து நீரை உள்ளே விடும். கம்பைச் சுழற்றும் மோட்டார் இல்லையென்றால் முதல் இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கம்பை அரைச் சுற்று திருப்புங்கள்.

லைன்

கட்டிய கம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் லைன் அதைக் கெடுத்துவிடும். லைன் எண் என்பது முன் 30 அடியின், அதாவது 9.14 மீட்டரின், எடை. முனையிலுள்ள சிறு நேர்ப்பகுதி கணக்கில் சேராது. 4-ஆம் எண் 7.8 கிராம், 5-ஆம் எண் 9.1, 6-ஆம் எண் 10.4. இன்று விற்கும் பல லைன்கள் விறைத்த கார்பன் கம்புகளுக்காகவே ஓர் அளவு கனமாகச் செய்யப்படுகின்றன. பெட்டியில் 5 என்றிருக்கும், தராசில் 6 நிற்கும். மென்மையான கண்ணாடிக் கம்பு அதைத் தூக்கமுடியாமல் துவளும். ஆகவே புது லைனின் முன் 9.14 மீட்டரைச் சுருளாக்கி எடைபோடுங்கள். 5-ஆம் எண் 8.7-க்கும் 9.5-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

அடுத்தது வீசும் தூரம். 5-ஆம் எண் டபுள் டேப்பர் லைன் (இரு முனையும் ஒல்லியாகி நடுவில் ஒரே பருமனாக இருப்பது) மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம். 15 மீட்டர் காற்றில் இருந்தால் கம்பு தூக்குவது சுமார் 15 கிராம். அது 8-ஆம் எண் லைனின் முன் 30 அடியைவிட அதிகம். அகன்ற ஆற்றில் 12 மீட்டருக்கு மேல் வழக்கமாக வீசுவீர்கள் என்றால் 5 என்று குறித்த கம்பில் 4 பூட்டிப் பாருங்கள். 6 மீட்டருக்குள்ளேயே வேலை முடியும் ஓடையில் குறித்த எண்ணோ அதற்கு ஒன்று மேலோ சரி. கண்ணாடிக் கம்பு என்றாலே ஓர் எண் கூட்டிப் பூட்டு என்ற அறிவுரை குட்டைக் கம்புக்குப் பொருந்தும். நீளக் கம்புக்குப் பொருந்தாது.

முன்பகுதி மட்டும் கனத்த வெயிட் ஃபார்வர்ட் லைனின் முன்பாரம் முடிந்து மெல்லிய பகுதி நுனி வளையத்துக்கு வெளியே வந்துவிட்டால், நீரில் கிடக்கும் லைனைப் புரட்டிப் போடும் விசை அதன் வழியே போய்ச்சேராது. நீளக் கம்பைக் கட்டியதே அந்தப் புரட்டலுக்காகத்தானே. ஆகவே டபுள் டேப்பர், இல்லையேல் நீண்ட வயிறுள்ள லைன். டபுள் டேப்பர் ரீலில் அதிக இடம் பிடிக்கும். லைனுக்கு அடியில் சுற்றும் 20 பவுண்ட் டேக்ரான் பின்னூல் 45 மீட்டர் சுற்றியபின் லைனுக்கும் ரீல் சட்டத்துக்கும் இடையில் 5 மி.மீ. மிஞ்ச வேண்டும். சுற்றும்போது லைன் வந்த உருளையை ஒரு பென்சிலில் கோத்துச் சக்கரம்போல் சுழலவிடுங்கள். பக்கவாட்டில் உருவி எடுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும்.

தலைகனத்த கம்புக்குக் கனமான ரீல் மருந்தாகாது. விரலில் வைத்தால் சமநிலை வரும், ஆனால் வீசும்போது நுனி அதே கனத்தோடுதான் சுழலும். கைப்பிடியின் முன் முனையில் சமநிலை கொடுக்கும் ரீல் எதுவோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லைன் முனையில் கட்டும் ஒன்பதடி லீடர் நரம்பு எட்டரை அடிக் கம்பைவிட நீளம். மீனைக் கைக்கருகே கொண்டுவரும்போது லைனும் லீடரும் சேரும் முடிச்சு நுனி வளையத்துக்குள் போயிருக்கும். அந்த நேரத்தில் மீன் மறுபடி ஓடினால், பருத்த முடிச்சு வளையத்தில் மாட்டி 6எக்ஸ் நரம்பு அறும். ஆணி முடிச்சைப் போட்டு, இறுகினாலும் வளைந்துகொடுக்கும் பசையால் இருபுறமும் சரிவாக மூடுங்கள். பிறகு கம்பை வளைத்துப் பிடித்து, முடிச்சை எல்லா வளையங்கள் வழியாகவும் இரு திசையிலும் இழுத்துப் பாருங்கள். எந்த வளையத்திலாவது தட்டினால் பசை காய்ந்தபின் மெல்லிய மணல்தாளால் அந்த மேட்டை இழைத்துவிட்டு, மறுபடி இழுத்துப் பாருங்கள்.