குளித்த ஈரத்தின் மேல் எண்ணெய்: குமரியில் உடல் தோலைப் பேணும் முறை

இரண்டு பருவமழையும் பெய்து, கடற்காற்றின் ஈரம் ஆண்டின் பெரும்பகுதி நிற்கும் குமரி மாவட்டத்தில் தோல் வறள்வதற்குக் காரணமே இல்லை என்று வெளியூரார் நினைப்பர். ஆனாலும் நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும் முழங்கால், சொரசொரத்த முழங்கை, மார்கழி பிறந்ததும் அரிக்கத் தொடங்கும் கணுக்கால் ஆகியவை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. தென்னை நிற்காத விளை (தோட்டம்) அரிது, எண்ணெய்க்கும் பஞ்சமில்லை. எண்ணெய் இருந்தும் தோல் வறள்வதற்கு, அதைத் தேய்க்கும் நேரமும் வரிசையும் பிழையாக இருப்பதே பெரும்பாலும் காரணம்.

தோலின் மேலடுக்கு, கூரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிடுகைப் போன்றது. உயிரிழந்த மெல்லிய செல்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்க, அவற்றின் இடைவெளியைக் கொழுப்புப் பொருள்கள் அடைத்திருக்கின்றன. உடலின் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறாமல் தடுப்பது இந்தக் கொழுப்புதான். அது கரைந்துவிட்டால் நீர் வெளியேறும், அடுக்குகள் ஓரம் விரிந்து எழும்பும். அதையே நாம் சொரசொரப்பு என்கிறோம். இந்த மேலடுக்கு முழுவதும் புதிதாக மாற ஏறத்தாழ 4 வாரங்கள் ஆகும். ஆகவே கீழே சொல்லும் எந்தப் பழக்கத்தையும் ஒரு மாதம் விடாமல் செய்துவிட்டே பயன் உண்டா, இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும்.

முதலில் குளியலைச் சீர்ப்படுத்துங்கள். நலமான தோல் சற்றே அமிலத்தன்மை உடையது, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு அதில் 5 என்பதை ஒட்டியிருக்கும் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்). குளியல் சோப்பின் அளவோ 9 முதல் 10 வரை போகும். உறையில் முதல் தரம் என்று அச்சிட்ட சோப்பில் கொழுப்புப் பொருள் 76 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கும் என்பதால் அது ஓரளவு மேலானது. எனினும் அதுவும் காரமே. எனவே அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் நாள்தோறும் சோப்பு போதும். கையும் காலும் முதுகும் சேறோ மீன்வாடையோ படாத நாளில் வெறும் தண்ணீரிலேயே தூய்மையாகிவிடும். அதுவும் போதாது என்று தோன்றினால் சிறுபயற்றுப் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தேய்க்கலாம். பொடி மாவாக அரைந்திருக்க வேண்டும். பற்களுக்கிடையே நறநறக்கும் பொடி தோலையும் கீறும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொள்வது மழைக்காலத்தில் இதமாக இருந்தாலும், தோலின் கொழுப்பை அது இளக்கிவிடும். வெதுவெதுப்பான நீரில், 10 நிமிடங்களுக்குள் குளியலை முடிப்பது நல்லது. கடலோர ஊர்களில் கிணற்று நீர் உப்பாகவோ கடினமாகவோ இருந்தால், சோப்பு நுரைக்காமல் வெண்படலமாகத் தோலில் தங்கி அரிப்பை உண்டாக்கும். கடைசி இரண்டு செம்பு மட்டுமாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

இனி எண்ணெய். எங்கள் அம்மச்சி கிணற்றடியில் குளித்து முடித்ததும் துவர்த்தால் (துண்டால்) உடலை ஒற்றுவார், தேய்க்க மாட்டார். தோலில் பூத்தாற்போல ஈரம் நிற்கும்போதே, சிரட்டையில் வைத்திருக்கும் தேங்காய் எண்ணெயில் மூன்று விரலை நனைத்து, உள்ளங்கைகளில் பரப்பி, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாகத் தடவுவார். பிறகு கையில் மிச்சமிருப்பதை முழங்கையில் துடைத்துக்கொள்வார். அவ்வளவுதான் எண்ணெய், எண்பது வயதிலும் அவர் காலில் ஒரு வெடிப்பு இருந்ததில்லை. அவர் அறிந்து செய்தாரோ, பழகிச் செய்தாரோ, முறை மிகச் சரியானது. எண்ணெய் தோலுக்கு நீரைக் கொண்டுவருவதில்லை. இருக்கும் நீரைப் பூட்டி வைக்கிறது. காய்ந்த தோலின் மேல் தேய்த்தால் பூட்டி வைக்க அங்கே நீரே இருக்காது. ஆகவே குளித்த 3 நிமிடங்களுக்குள், ஈரம் உலருமுன், ஒரு தேக்கரண்டி அளவு எண்ணெயைக் கைகால் முழுவதும் மெல்லியதாகப் பரப்புங்கள். குளிக்குமுன் எண்ணெய் தேய்ப்பது தவறல்ல. ஆனால் தேய்த்த எண்ணெயை முழுவதும் சோப்பால் வழித்தெடுத்துவிட்டு வறண்ட தோலோடு வெளியே வருவதில் பொருளில்லை.

தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம். தோலில் எளிதில் பரவும் இயல்பும் அதற்கு உண்டு. வெயிலில் நன்கு காய்ந்த கொப்பரையை ஆட்டிய எண்ணெயோ, தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த எண்ணெயோ இரண்டும் நல்லவை. சிக்கு வாடை வந்ததை உடலில் பூசக்கூடாது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் முதுகிலும் மார்பிலும் கழுத்திலும் எண்ணெய் பூசிக்கொண்டு நாள் முழுவதும் வியர்வையில் இருப்பவர்களுக்குத் தேமலும் வியர்க்குருவும் வரும். தேமலை உண்டாக்கும் பூஞ்சை எண்ணெய்ப் பசையை உண்டு வளர்வது. எண்ணெய்ச் சுரப்பிகள் குறைந்த காலுக்கும் முன்கைக்கும் எண்ணெய் பூசி, சுரப்பிகள் நிறைந்த மார்பையும் முதுகையும் அவற்றின் போக்கில் விட்டுவிடுவதே இந்த ஊர் வானிலைக்குப் பொருந்தும். ஆடிக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் தோவாளைப் பக்கத்தில் காற்றே தோலை உலர்த்திவிடும் என்பதால், அங்கே இரவிலும் ஒருமுறை பூசலாம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு செய்தி போதும். தோலின் கொழுப்பு அடுக்கைக் கட்டுவதற்கு லினோலெயிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் தேவை. உடல் அதைத் தானே செய்துகொள்ளாது. நம் சமையலறையை ஆளும் தேங்காய் எண்ணெயில் அது மிகக் குறைவு. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் தாராளமாக உண்டு. அவியலுக்குத் தேங்காய் எண்ணெயே இருக்கட்டும். தோசைக்கும் புளிக்குழம்புக்கும் நல்லெண்ணெய் ஊற்றினால் போதும்.

இந்த மாவட்டத்தில் தோலைப் பற்றிப் பேசும்போது உழைக்கும் கைகளை விட்டுவிட மனம் ஒப்பவில்லை. என் சித்தி பல ஆண்டுகள் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவர். அவர் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் கறுத்து, தோல் உரிந்து, சாம்பார் தொட்டால் எரியும் என்று இடக்கையால் கரண்டி பிடிப்பார். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருக்கும் பால் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும் இயல்புடையது. வேலைக்கு உட்காருமுன் விரல் முழுவதும் எண்ணெய் பூசி, அதன் மேல் கையுறை அணிவது முதல் காப்பு. கையுறை கிழிந்தால் மாற்ற வேண்டும். கறை எண்ணெய்ப் பசையானது என்பதால், மண்ணெண்ணெயை நாடாமல் முதலில் தேங்காய் எண்ணெயால் துடைத்து, பின்பு மென்மையான சோப்பால் கழுவி, உடனே வாசலின் போன்ற கெட்டியான களிம்பைப் பூச வேண்டும். குலசேகரம், அருமனைப் பக்கத்தில் ரப்பர் பால் உறைய வைப்பவர்கள் ஃபார்மிக் அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. தெறித்துவிட்டால் எதையும் பூசாமல் ஓடும் தண்ணீரில் 20 நிமிடங்கள் கழுவ வேண்டும்.

நாஞ்சில் நாட்டு வயலில் நிற்பவர்களுக்கும் மீன்பிடிப்பவர்களுக்கும் விரலிடுக்கு ஊறிச் சேற்றுப்புண் வரும். அங்கே எண்ணெய் கூடாது; ஈரத்தை ஒற்றியெடுத்து உலர வைப்பதே மருந்தின் பாதி. பித்தவெடிப்புக்கோ நேர்மாறான வழி: 15 நிமிடங்கள் வெதுவெதுப்பான நீரில் காலை வைத்து, ஈரத்தோடு மருந்துக்கடையில் கிடைக்கும் யூரியா கலந்த களிம்பைப் பூசிக் காலுறை அணிந்து உறங்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெடிப்பைப் பிளேடால் சீவவே கூடாது. வெயிலுக்கு முழுக்கைச் சட்டையும் குடையும் நல்ல காப்பு. மூடாத இடங்களுக்கு எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30 உள்ள களிம்பு வேண்டும்.

படர்தாமரை என்று தெரிந்ததும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு இரண்டே நாளில் அடங்கும். பூஞ்சை அடங்காது, வட்டம் விரியும், தொடையிடுக்கில் தோல் மெலிந்து கோடு கோடாகப் பிளக்கும். நிறம் வெளுக்க விற்கும் பெயரில்லாத களிம்புகளில் பாதரசம் கலந்திருப்பதுண்டு; அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவ்விரண்டையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

குளித்து முடித்து எண்ணெய் தடவும் அந்த இரண்டு நிமிடங்களே தோலை முழுவதும் பார்ப்பதற்கு ஏற்ற நேரம். வெளிறிய தேமல் போன்ற திட்டு ஒன்றில் விரல் படுவதே தெரியாவிட்டால், அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம்; அரசு மருத்துவமனைகளில் அதற்குரிய கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, 6 முதல் 12 மாதங்களில் குணமாகும். ஆறாத புண், அளவும் நிறமும் மாறும் மச்சம், வீட்டில் எல்லோருக்கும் இரவில் கூடும் அரிப்பு ஆகியவற்றுக்கும் எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காமல், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ காட்டிவிடுங்கள்.