டிஎம்ஏ பஃபரை எப்போது பூஜ்ஜியமாக்குவது?

டிஎம்ஏ என்பது சிபியூ நடுவில் இல்லாமல் கருவியே நேரடியாக நினைவகத்தில் படிப்பதும் எழுதுவதும். அதற்காக டிரைவர் ஒதுக்கும் நினைவகத் துண்டுதான் பஃபர். அதில் பழைய தரவு ஒட்டிக்கொண்டிருக்கலாம், எப்போது துடைப்பது என்று லினக்ஸ் டிரைவர் எழுதிப் பார்ப்போம். இதற்குத் தனியாக வன்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். சூறாவளி எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்கு ஏறி, மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் நாளில்கூடச் செய்யலாம். ஒரு மடிக்கணினி, கியூஎமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் ஓடும் லினக்ஸ், அதோடு கியூஎமு தரும் ‘எட்யூ’ என்ற பயிற்சி பிசிஐ கருவி போதும்.

படி 1. ப்ரோப் ஃபங்ஷனில் (கருவி கிடைத்ததும் கெர்னல் அழைக்கும் டிரைவர் பகுதி) பிசிஐ_செட்_மாஸ்டரை அழையுங்கள். இல்லாவிட்டால் டிஎம்ஏ நடக்காது. அடுத்து டிஎம்ஏ மாஸ்க்கை, அதாவது கருவி எட்டக்கூடிய முகவரியின் வரம்பை, 28 பிட்டாக வையுங்கள். எட்யூவின் கை 256 எம்பி வரைதான் எட்டும். மாஸ்க்கை மறந்தால், முகவரியின் மேல் பிட்களை வெட்டிவிட்டு, வேறு யாருடைய நினைவகத்திலோ போய் எழுதும்.

படி 2. டிரைவர் ஓடும்வரை வைத்திருக்கும் நிரந்தர பஃபரை டிஎம்ஏ_அலாக்_கோஹெரன்ட் மூலம் ஒதுக்குங்கள். லினக்ஸ் 5.0 (2019) முதல் இது பூஜ்ஜியமாக்கியே தருகிறது. பின்னாலேயே மெம்செட் (நினைவகத்தை ஒரே மதிப்பால் நிரப்பும் ஃபங்ஷன்) போடுவது வீண். பழைய பாடங்களில் வரும் டிஎம்ஏ_ஸீஅலாக்_கோஹெரன்ட் நீக்கப்பட்டுவிட்டது, கம்பைல் ஆகாது.

படி 3. கெர்னலில் சாதாரணமாக நினைவகம் வாங்கும் கேமலாக் அப்படியல்ல, துடைக்காமலே தரும். கண்ணால் பாருங்கள்: 2048 பைட் வாங்கி, ‘காவடி’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப நிரப்பி (யுடிஎஃப்-8இல் ஒரு தடவைக்கு 15 பைட்), கேஃப்ரீ செய்து (திருப்பிக் கொடுத்து), லூப்பின் அதே வரியிலிருந்து மறுபடி 2048 வாங்கி அச்சிடுங்கள். பெரும்பாலும் அதே காவடிதான் திரும்பி வரும். நடுவில் 8 பைட் மட்டும் குப்பையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். காலி இடங்களைக் கோக்க, கெர்னலின் நினைவக ஒதுக்கியான ஸ்லப் எழுதிய சுட்டி அது. எல்லாமே பூஜ்ஜியமா? ஒதுக்கும் நினைவகத்தையெல்லாம் தானே பூஜ்ஜியமாக்கும் இனிட்_ஆன்_அலாக் வசதியை உபுண்டு போன்றவை இயக்கியே தருகின்றன. பூட் வரியில் அதை 0 ஆக்கிவிட்டுப் பாருங்கள். அந்த வசதியை நம்பி டிரைவர் எழுதாதீர்கள், பூஜ்ஜியமாக்கியே தரும் கேஸீஅலாக் பயன்படுத்துங்கள்.

படி 4. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கேமலாக், கேஸீஅலாக் பஃபரைக் கருவியிடம் ஒப்படைப்பது டிஎம்ஏ_மேப்_சிங்கிள். பூஜ்ஜியமாக்குவது அதற்கு முன்னால் இருக்க வேண்டும். மேப் செய்தபின் பஃபர் கருவியின் கையில். அப்போது நீங்கள் மெம்செட் போட்டால் அந்தப் பூஜ்ஜியங்கள் கேஷில் (சிபியூவின் இடைநிலை நினைவகம்) தங்கி, பின்னர் முதன்மை நினைவகத்தில் இறங்கி, கருவி எழுதியதையே அழித்துவிடலாம். எக்ஸ்86இல் இது பொதுவாகத் தலைகாட்டாது. கேஷ் ஒத்திசைவு இல்லாத ஆர்ம் பலகைகளில் எப்போதாவது ஒருமுறை வந்து தலைவலி தரும்.

படி 5. ஒதுக்கும்போது துடைத்த பஃபரும் இரண்டாவது சுற்றில் பழசுதான். முதல் சுற்றில் 4096 பைட் வந்தது, இரண்டாவதில் 100 மட்டும் என்றால், மீதி 3996 பைட் முந்தையவருடைய தரவு. எனவே பயனர் நிரலுக்குத் தரவை நகலெடுக்கும் காப்பி_டு_யூசருக்குக் கருவி உண்மையில் எழுதிய நீளத்தை மட்டும் கொடுங்கள். கருவி சொல்லும் நீளத்தையும் பஃபர் அளவோடு ஒப்பிடாமல் ஏற்காதீர்கள்.

படி 6. கேமலாக் பஃபரில் சாவியோ கடவுச்சொல்லோ இருந்தால், முதலில் அன்மேப் (கருவியிடமிருந்து திரும்பப் பெறுதல்), பிறகு துடைத்துவிட்டு விடுவிக்கும் கேஃப்ரீ_சென்சிட்டிவ். விடுவிக்குமுன் போடும் வெறும் மெம்செட்டை, யாரும் படிக்காத எழுத்து என்று கம்பைலர் தூக்கிவிடக்கூடும்.